ஒரு பக்க மூடி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார், அந்தப் பெரிய பைனாகுலர் வேண்டாம் என்று.

"சார், பத்துக்கு ஐம்பது எடுத்துக்குங்க. கழுத்துல மாட்டிக்கிட்டு நடக்கலாம். பறவையும் பார்க்கலாம், நிலாவும் பார்க்கலாம். நீங்க கையில வெச்சிருக்கறது இருபதுக்கு எண்பது. இருபது மடங்கு கிட்டக் காட்டும், முன்னாடி இருக்கற கண்ணாடி மட்டும் எண்பது மில்லிமீட்டர். ஆனா ரெண்டு கிலோவுக்கு மேல கனம். கையில பிடிச்சுப் பார்த்தா உங்க நாடித் துடிப்பெல்லாம் நிலாவுல தெரியும்."

தம்பி கேட்கிற ஆளா? "எழுபது மீட்டர் உயரத்துல உக்காந்து, நாலு டன் கம்பியை முட்டை வைக்கிற மாதிரி இறக்கி வைக்கிறவன் நான். என் கை ஆடும்ங்கறீங்களா?"

"கை ஆடாதுங்க, வாய்தான் ஆடும்," என்றாள் அக்கா.

கடைக்காரர் சிரித்துவிட்டு, கூடவே அதை ஏற்றி நிறுத்த ஒரு முக்காலியும் தலையில் கட்டினார். வாசலுக்கு அழைத்துப்போய், எதிர்க் கட்டடத்து ஆன்டெனாவைப் பார்க்கச் சொல்லிப் பழக்கினார். இரண்டு குழாய்களையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருக வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தை மட்டும் திருக வேண்டும். கடைசியாக ஒரு எச்சரிக்கையும் சொன்னார்.

"கீழ மட்டும் போட்டுடாதீங்க. உள்ள வெளிச்சத்தைத் திருப்பற கண்ணாடிப் பட்டகம் கொஞ்சம் நகர்ந்தாப் போதும், ஒண்ணு ரெண்டாத் தெரியும். அப்படி ஆச்சுன்னா நீங்களா எதையும் கழட்டாம நேரா என்கிட்ட கொண்டு வாங்க."

அந்த ஒரு வார்த்தையைத்தான் பின்னால் இருவரும் பிடித்துக்கொண்டார்கள்.

தம்பிக்கு நாற்பத்தொன்பது வயது. ஊருக்கு நடுவே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் கிரேன் ஓட்டுபவன். கீழே வேலை செய்கிறவர்கள் அவனை 'மாடிவீடு' என்று கூப்பிட்டார்கள். காலையில் ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். அக்கா அவனைவிட ஐந்து வயது மூத்தவள். ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றிப் பெரிதாக வருத்தமும் இல்லை. மேல்மாடி வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி, இருபத்திரண்டு படி.

முதல் மூன்று வாரம் மொட்டைமாடியிலேயே குடித்தனம் என்று சொல்ல வேண்டும். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு பருந்து கூடு கட்டியிருந்தது. உள்ளே ஒரே குஞ்சு. அது வாயைத் திறந்தால் தொண்டைச் சிவப்பு வரை தெரிந்தது. பொழுது சாய்ந்ததும் மேற்கே வியாழன். வெறுங்கண்ணுக்குப் பொட்டு, இதில் பார்த்தால் குட்டி உருண்டை, பக்கத்தில் வரிசை கட்டின நிலாக்கள். எல்லாவற்றையும் தம்பி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினான். அவன் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் அவள் திருத்தினாள். "என் வானத்துல கூடவா உன் சிவப்புப் பேனா?" என்று அவன் அலுத்துக்கொள்வான்.

ஒன்பதாம் தேதி சாயங்காலம் அவன் கூப்பிட்ட குரலே வேறாக இருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் வந்து பாரேன்."

"என்னடா?"

"வியாழன் ரெண்டாத் தெரியுது. பக்கத்துல பக்கத்துல. ஒரு கண்ணை மூடினா ஒண்ணாயிடுது. நான் கீழ போடவே இல்லையே. முக்காலி எங்கயும் இடிச்சுதா? நீ பெருக்கும்போது ஏதாவது பட்டுதா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒரே வியாழன். பக்கத்தில் மூன்று நிலா, ஊசி முனை மாதிரி. இதைவிடச் சுத்தமாக அவள் அதைப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தாள். தம்பி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் ரெண்டுதானே, அக்கா?"

அது கேள்வியாக இல்லை. கோளாறு கருவியில் இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, அவனுக்கும் புரிந்துகொண்டிருந்தது. அதை அந்த முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாடா. ரெண்டு."

அவன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "அப்போ பட்டகம்தான்," என்றான்.

மறுநாளே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அதை முக்காலியில் ஏற்றி, தெருவிளக்கின் உச்சியைப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

"உங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும். என் அக்காவுக்கும் ரெண்டாத் தெரிஞ்சுதே!"

கடைக்காரர் அவளைப் பார்த்தார். எத்தனையோ கண்களைச் சோதித்த மனிதர். அவர் பார்வை அவள் மேல் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒருத்தி கத்தினாள்.

"ஆமாங்க," என்றாள் அவள். "எனக்கும் ரெண்டு."

அவர் வேறு புதுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "எதுக்கும் ரெண்டு பேரும் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்குங்க. சும்மாதான்," என்றார்.

"முதல்ல உங்க கண்ணைக் காட்டுங்க," என்றான் தம்பி. நகைச்சுவையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

புதிய கருவியிலும் அன்று சாயங்காலம் வியாழன் இரண்டாகத்தான் தெரிந்தது அவனுக்கு. மறுபடி அக்காவைக் கூப்பிட்டான். மறுபடி அவள் ஆமாம் என்றாள். "ஒரே லாரியில வந்த உடைசலையெல்லாம் நம்ம தலையில கட்டறான்," என்று திட்டிக்கொண்டே அவன் மூடிகளைப் போட்டு வைத்தான். அதன்பிறகு வியாழனைப் பார்க்கவில்லை. பகலில் விடுமுறை கிடைத்தால் பருந்துக் கூட்டை மட்டும் பார்ப்பான். அவளைக் கூப்பிட மாட்டான்.

அந்த வாரங்களில் அவள் கண்கொத்திப் பாம்பாக அவனைக் கவனித்தாள். தேநீர் ஊற்றும்போது கோப்பைக்குள் விழுகிறதா? படியில் கால் தடுமாறுகிறதா? தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்க்கிறானா? எல்லாம் சரியாக இருந்தது. ஒருவேளை வெறும் களைப்போ என்று மனம் ஆசைப்படும். உடனே அவன் தினமும் என்ன வேலை செய்கிறான் என்பது நினைவுக்கு வரும். அவன் கொக்கியில் தொங்கும் நாலு டன்னுக்கு அடியில் இருபது பேர் நடந்துகொண்டிருப்பார்கள். அச்சகத்தில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவாள். அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும். ஒவ்வொரு காலையும் அவன் செருப்பு மாட்டும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். "என்னக்கா?" என்பான். "சாப்பாடு எடுத்தியா?" என்பாள்.

ஒருநாள் நோட்டைப் புரட்டினாள். அவன் எழுத்தில், 'குஞ்சு விளிம்பில் ஏறி நின்றது. குஞ்சுகள் 2.' இரண்டை அவனே அடித்திருந்தான். மேலே '1' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். எத்தனையோ ஆயிரம் பக்கங்களில் அடித்தல் திருத்தல் பார்த்தவள் அவள். ஒரு கேள்விக்குறியைக் கண்டு சிவப்புப் பேனாவைத் திறக்காமலே நோட்டை மூடியது அன்றைக்குத்தான்.

அதற்கு அடுத்த புதன்கிழமை அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். முக்காலியைத் திருப்பி, பருந்துக் கூட்டைத் தாண்டி, கட்டடங்களுக்கு மேலே நிற்கும் மஞ்சள் கிரேனைத் தேடினாள். நடுச்சக்கரத்தைத் திருகத் திருக, கலங்கிய மஞ்சள் கெட்டிப்பட்டு இரும்புச் சட்டங்களாயிற்று. பிறகு கண்ணாடி அறை. உள்ளே தம்பி.

கொக்கியில் ஒரு கட்டுக் கம்பி இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் வலது கை நெம்புகோலில் இருந்தது. இடது கை முகத்தில் இருந்தது.

வியர்வை துடைக்கிறான் என்று நினைத்தாள். கை எடுக்கவில்லை. உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, ஒரே கண்ணால் கீழே பார்த்து இறக்கிக்கொண்டிருந்தான். கம்பிக் கட்டு லேசாகச் சுழன்றது, நின்றது, மறுபடி இறங்கியது. அவன் கையை எடுத்துத் தலையை உதறினான். மறுபடி பொத்தினான்.

முக்காலியின் மேல் இருந்தும் காட்சி துள்ளியது. குழாயைப் பிடித்திருந்த அவள் விரல்களின் நாடித் துடிப்பு அது. கடைக்காரர் சொன்ன மாதிரியே.

கீழே ஓடிப்போய் மேற்பார்வையாளரின் எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியில் துண்டித்தாள். போன் போட்டால் அவன் வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிட, திடீரென்று வாக்கி-டாக்கியில் அவனை அதட்டினால் கை பதறிவிடுமோ என்ற பயம். மறுபடி அழுத்தவும் இல்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுபடி மேலே போய்ப் பார்க்க உடம்பில் தெம்பில்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாயங்காலம் வரை காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எங்கேயாவது ஒரு பெரிய சத்தம் கேட்குமோ என்று. அன்று கேட்ட சத்தம் எல்லாமே அந்தச் சத்தமாக இருந்தது.

அவன் வந்தான். முழுசாக வந்தான். குளித்துவிட்டு, தேநீர்க் கோப்பையோடு மேலே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில், "அக்கா, மேல வா," என்று குரல் வந்தது.

இருபத்திரண்டு படியிலும் அவள் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு ஏறினாள்: எனக்கு எப்பவும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுதுடா.

இருட்டவில்லை. வெளிறிய வானத்தில் அரை நிலா. முக்காலி அதைப் பார்த்து நின்றது. அவன் பின்பக்கம் நின்று, "பாரு," என்றான்.

குனிந்தாள். கண்ணை வைத்தாள். மறுபடியும் ஒன்றாகத் தெரிவதைப் பார்க்க அவளால் முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"எத்தனை?"

மனப்பாடம் செய்தது தொண்டையில் இருந்தது. வாயில் வந்தது வேறு.

"ரெண்டு."

அவன் அவளைத் தாண்டிக் குனிந்து முன்பக்கத்தில் எதையோ கழற்றினான். அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கையைத் திறந்து, வட்டமான ஒரு ரப்பர் மூடியை வைத்தான்.

"இது இவ்வளவு நேரம் இடது பக்கத்துல இருந்துது, அக்கா. ஒரு பக்கம் அடைச்சிருந்தா யாருக்கும் ரெண்டு தெரியாது." குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "கண்ணைத் திறக்கவே இல்ல, இல்ல?"

அவள் தலையாட்டினாள்.

"முதல் நாள் எத்தனை தெரிஞ்சுது?"

"ஒண்ணு."

"கடையில?"

"ஒண்ணு."

"புதுசுல?"

"ஒண்ணுதான்டா. எல்லாத்துலயும் ஒண்ணுதான்."

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குக்கா," என்றான் தம்பி.

"எனக்கும்டா. இன்னைக்கு உன்னை இங்கிருந்து பார்த்தேன். கையால கண்ணைப் பொத்திக்கிட்டு..."

"பார்த்தியா?" அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். "மூணு நாளா அப்படித்தான். கொக்கி ரெண்டு, ஆளும் ரெண்டு. எந்த ஆள் நிஜம்னு பார்த்து இறக்கணும். உனக்கும் ரெண்டாத் தெரியுதே, நமக்கு ஒண்ணுமில்லைன்னு அதையே பிடிச்சுக்கிட்டுத் தினம் ஏறினேன்." கொஞ்சம் பொறுத்து, "இருபத்தாறு வருஷம் பிழை திருத்தி என்ன பிரயோஜனம் உனக்கு?" என்று சிரிக்கப் பார்த்தான். பாதியில் உதடு கோணிக்கொண்டது.

போனை எடுத்து அவனே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டான். "நாளைக்கு மேல ஏற வேற ஆளைப் போடுங்க... ஆமாங்க, உடம்பு சரியில்ல... இல்லைங்க, நாளைக்கு மட்டும் இல்ல." போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நிலாவை அன்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் மருத்துவர் ஒரு பேனாவை அவன் முகத்துக்கு முன்னால் பிடித்து மெல்ல நகர்த்தினார். வலது கண் பேனாவின் பின்னாலேயே போயிற்று. இடது கண் கொஞ்ச தூரம் வந்து, அதற்கு மேல் வெளிப்பக்கம் வர மாட்டேன் என்று நின்றுவிட்டது. அக்கா அதைப் பார்த்தாள். மருத்துவர் இரண்டாம் முறையும் நகர்த்தினார். இரண்டாம் முறையும் அங்கேயே நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரம் இருக்கும், டாக்டர்," என்றான் தம்பி, அவள் பக்கம் திரும்பாமல்.

மருத்துவர் எழுதினார். மேஜைக்கு அடியில் தம்பியின் கால் அவள் காலை மிதித்தது. பேசாதே என்ற அழுத்தம் அது. சின்ன வயதில் இருவரும் சேர்ந்து எதையாவது உடைத்துவிட்டு, கேட்கிறவர்கள் முன்னால் நிற்கும்போது மிதிக்கிற அதே மிதி. அப்போதெல்லாம் பழியை அவள் ஏற்றுக்கொள்வாள், இவன் தப்பிப்பான். இன்றைக்கு அவன் அவளைத் தப்பிக்க விடுகிறான்.

அவள் மருத்துவரின் பேனாவைப் பார்த்தாள்.

"நாற்பத்தொரு நாள், டாக்டர்," என்றாள். "ஒன்பதாம் தேதியிலிருந்து. நோட்டுல எழுதியிருக்கு. அன்னைக்கே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

கால் அழுத்தம் மெல்ல விலகியது. மருத்துவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், பிறகு அவனை. கடிந்துகொள்ளவில்லை. 'ஒரு வாரம்' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே நாற்பத்தொன்று என்று எழுதினார். பிறகு மேஜைத் தொலைபேசியை எடுத்து, ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பேசினார். "நாளைக்கு வேண்டாம். இப்பவே," என்றார்.

வெளியே நீண்ட நடைபாதை. இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான்.

"எல்லாம் ஒண்ணு ஒண்ணாத் தெரியுதுக்கா," என்றான். "நீகூட ஒரே ஆளாத்தான் இருக்க. ஒண்ணே போதும்பா உன்னை மாதிரி."

ஸ்கேனில் தெரிந்தது மூளையில் ஒரு கட்டி. அதன்பிறகு அவன் பத்து மாதம் இருந்தான்.

அந்த நாற்பத்தொரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தம்பி இருந்தவரை அவன் காதில் விழுந்துவிடுமோ என்று கேட்கவில்லை. இப்போது அந்தக் காரணமும் இல்லை. ரப்பர் மூடி இருக்கிற மேஜை இழுப்பறையிலேயே மருத்துவரின் தொலைபேசி எண்ணும் இருக்கிறது. சில சாயங்காலங்களில் எடுத்து வைத்துக்கொண்டு எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பாள். பிழை ஒன்றும் இல்லை. திரும்ப உள்ளே வைத்துவிடுவாள்.