ராஜாங்கத்தின் வலது கை

முதல் நாளே ஜெயசுதாவுக்கு ராஜாங்கத்தைப் பிடிக்காமல் போயிற்று. செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த பிசியோதெரபி மையத்துக்கு அவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தூக்கியவர்களுக்கு மூச்சு இரைத்தது. அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கீழ எடமே கெடைக்கலியா ஒங்களுக்கு?" என்று அவளிடம் கேட்டார். முப்பது வருஷம் வேர்க்கடலை மண்டி நடத்தியவர். பக்கவாதம் வலது கையைப் படுக்கப் போட்டுவிட்டு, அதிகாரத்தை அப்படியே விட்டுவைத்திருந்தது.

சென்னையில் ஒரு கல்லூரி நடத்திய ஆய்வில் அந்த மையமும் சேர்ந்திருந்தது. நோயாளியின் மணிக்கட்டில் ஒன்று, முழங்கைக்கு மேலே ஒன்று என்று இரண்டு பட்டைகள் கட்டி அனுப்புவார்கள். வீட்டில் கை எவ்வளவு நேரம் அசைந்தது, எவ்வளவு உயரம் போனது என்பதையெல்லாம் பட்டைக்குள் இருக்கும் சென்சார் குறித்து வைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை அதைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்ப்பது ஜெயசுதாவின் வேலை. விழுந்த கையை வேலை வாங்கினால்தான் எழும். நல்ல கையாலேயே எல்லாம் செய்துகொண்டு, பயிற்சி செய்தேன் என்று சொல்கிறவர்களுக்காகவே வந்த பட்டைகள் அவை.

"ஐயா, ஒரு நாளைக்குப் பதினெட்டு நிமிஷம்தான் கை அசைஞ்சிருக்குது," என்றாள் இரண்டாம் வாரம். "பாவாடைக்கு மூணு மணி நேரம் வந்திருக்குது."

பாவாடை பக்கத்துக் கட்டிலில் இருந்தார். ஒரு காலத்தில் ராஜாங்கத்தின் மண்டியில் மூட்டை தூக்கியவர். ராஜாங்கத்தின் முகம் கறுத்துப்போனது.

அடுத்த வாரம் ஆறரை மணி நேரம் வந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு. மையத்தை நடத்தும் டாக்டர் செந்தமிழனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டு விழாவில் ராஜாங்கத்துக்குச் சால்வை போர்த்தி, போட்டோவைச் சென்னைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். ராஜாங்கமும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முன்னால் ஒரு காலி டம்ளரை வைத்தால், விரல்கள் அதைத் தொட்டுவிட்டு அப்படியே சரிந்தன.

ஜெயசுதா ஒரு மதியம் முழுக்க அந்த வரைபடங்களோடு உட்கார்ந்தாள். காலை ஐந்து மணிக்கே கை அசையத் தொடங்கியது. கால் மணி நேரம் அகல அகலமாக ஒரே வீச்சு. பெருக்குகிற கை. பதினோரு மணிக்குக் கை மேலே எழும்பித் தொப்பென்று இறங்கி, மறுபடி மேலே போய் இறங்கியது. துணி துவைக்கிற கை. ராஜாங்கம் தன் வாழ்நாளில் துடைப்பத்தைத் தொட்டிருப்பார் என்று அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தக் கை ஒருநாளும் தோள் உயரத்தைத் தாண்டவில்லை. ராஜாங்கத்தின் கையை அவள் தினமும் பிடித்துத் தூக்குகிறாள். பலம்தான் இல்லையே தவிர, தலைக்கு மேலே தடையில்லாமல் போகும்.

மறுநாள் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனாள். கொல்லைப்புறத்தில் அவர் மனைவி மீனாம்பாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக்கு நடுவே அவள் வலது மணிக்கட்டில் பட்டை தெரிந்தது.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆவாதுன்னு சொன்னாரும்மா," என்றாள் மீனாம்பாள் பயந்துபோய்.

"அது ஒண்ணும் ஆவாது. கைய மேல தூக்குங்க பாக்கலாம்."

தோள்வரை வந்து நின்றது. அதற்குமேல் முயன்றபோது அவள் உதட்டைக் கடித்தாள்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"ரெண்டு வருசம் இருக்கும். பின்னால கையி போவாது. பக்கத்து வூட்டு பூவாயிதான் தலை பின்னி வுடுவா."

"டாக்டர்கிட்ட காட்டலியா?"

மீனாம்பாள் கூடத்துப் பக்கம் பார்த்தாள். அங்கே ஃபேனுக்கு அடியில் ராஜாங்கம் சாய்ந்திருந்தார். மாட்டிக்கொண்ட கூச்சம் அந்த முகத்தில் துளியும் இல்லை.

"இன்னாத்துக்கு இவ்ளோ விசாரணை?" என்றார். "மிஷின்ல கையி ஆடிச்சா இல்லியா? நாப்பது வருசமா அவ கையி என் கையிதான்."

ஜெயசுதா செருப்பில் ஒட்டியதை எப்படிப் பார்ப்போமோ அப்படி ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, மீனாம்பாளின் கையிலிருந்து இரண்டு பட்டைகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்குப் பத்து மணிக்கு நீங்க வாங்கம்மா. நீங்க மட்டும்," என்றாள்.

விஷயத்தைக் கேட்ட செந்தமிழன் நெற்றியைத் தேய்த்தார். "ஒரு கேஸ்தானே ஜெயசுதா. ஆவரேஜ் அழகா வந்திருக்குது. விட்டுடுங்களேன்."

"சார், அது அவரு கையே இல்ல."

"சென்னையில யாரு வந்து பாக்கப் போறாங்க?"

இவருக்கும் ராஜாங்கத்துக்கும் வெள்ளைக் கோட்டு ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டாள். அன்றே அவளே சென்னைக்கு மின்னஞ்சல் எழுதினாள். ராஜாங்கத்தின் பெயரில் இருந்த அளவுகள் முழுவதையும் நீக்கிவிட்டார்கள். சால்வை திரும்பக் கடைக்குப் போனது. செந்தமிழன் ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மீனாம்பாள் வந்தாள். முதல் நாள் வாசலிலேயே பத்து நிமிஷம் நின்றாள். பிறகு வாரம் மூன்று நாள் தவறாமல் வந்தாள். "காப்பி யாரு குடுப்பாங்கன்னு கேட்டாரு," என்றாள் ஒருநாள். "கலந்து வலப்பக்கமா வெச்சிட்டு வந்துட்டேன். வேணும்னா எடுக்கட்டும்." இரண்டு நாள் காபி ஆறிப்போயிற்றாம். மூன்றாம் நாள் பாதியை வேட்டியில் கொட்டிக்கொண்டு மீதியைக் குடித்தாராம். ஒன்றரை மாதத்தில் அவர் கை டம்ளரைப் பிடித்தது. அதற்காக அவரை மெச்ச ஜெயசுதாவுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் மாதம் அவரும் மறுபடி பயிற்சிக்கு வந்து உட்கார்ந்தார். புதிதாக வந்திருந்த ஒருவரிடம், குரலை ஏற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் பட்டைய நான்தான் இவ கையில கட்டுனேன். நான் கட்டலன்னா இவ நோவு எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

ஜெயசுதாவுக்குக் காது சுட்டது. மீனாம்பாளைப் பார்த்தாள். அவள் சுவரோரம் நின்று, கப்பியில் ஓடும் கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

"கயித்த இன்னும் ஒரு சாண் மேல கட்டு கண்ணு," என்றாள் ஜெயசுதாவிடம். "இது எட்டுது."