பேனாடின் கதிரை

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் ரயில் பாதையோரம் இருக்கும் வட்டாரப் பொது மண்டபத்தில் ஒரு பெயரைப் பதிந்தால் உட்கார ஒரு கதிரை தானாகவே கூடிவிடும். இதைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. மண்டபத்தை நடத்துவது வட்டார வசதிச் சபை. அதன் வருமானத்தில் பதிந்தவர்கள் கட்டும் ஐந்து யூரோ வருடச் சந்தா கொஞ்சம். மீதி, தலைக்கு இவ்வளவு என்று மேலிடம் தரும் பணம். படிவம் கைக்கு வந்ததும் நம்மவர்கள், கலியாண வீட்டுக் கவரில் எழுதுகிற பழக்கத்தில், குடும்பம் முழுவதையும் எழுதித் தள்ளினார்கள். கனடாத் தங்கை, பருத்தித்துறை மாமா, ஒருவரையும் விடவில்லை. விட்டால் கோபிப்பார்களே! மூன்றே மாதத்தில் கதிரைகள் நானூறைத் தாண்டின. இடம் போதாமல் சுவர் தண்டவாளப் பக்கம் ஏழு மீற்றர் நகர்ந்தது. பக்கத்துத் தொலைபேசிக் கடைக்கு ஓர் அங்குலமும் குறையவில்லை.

மண்டபத்துச் சாவி மன்னார்க்காரி அற்புதமலரிடம் இருந்தது. அவள் பிரெஞ்சு படித்ததும், அகதி விண்ணப்பம் எழுதியதும் அங்கேதான். படிவத்தில் தன் பெயருக்குக் கீழே கணவன் பேனாடின் பெயரையும் எழுதியிருந்தாள். சண்டை முடிந்த 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்தின் பேருந்தில் ஏறியவன், அதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. அவனுக்கும் ஒரு கதிரை வந்தது. அன்றிலிருந்து அவளால் மண்டபத்தில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த கதிரையையே துடைப்பாள், வாசலை எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் துடைப்பாள்.

ஒருநாள் சபைத் தலைவர், நகைக்கடைத் தவரத்தினம், வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "கொந்த்ரோல் வருதாம், தலை எண்ணிப் பாக்க. பதிஞ்ச ஆக்கள் எல்லாரும் கதிரையிலை இருக்கவேணும். ஒரு தலை குறைஞ்சாலும் காசை நிப்பாட்டி மண்டபத்தையும் பூட்டுவினமாம். இல்லாத ஆக்களின்ரை பேரை வெட்டுங்கோ!"

வெட்டினார்கள். வெட்ட வெட்டக் கதிரைகள் மறைந்தன, சுவர் பழைய இடத்துக்கே திரும்பியது. கடைசியில் தொண்ணூற்றொரு ஆட்களும் தொண்ணூற்றிரண்டு கதிரைகளும் மிஞ்சின.

"தங்கச்சி, உன்ரை மனுசன்ரை பேர்..." என்று இழுத்தார் தவரத்தினம்.

"ஏலாது அண்ணை."

"மண்டபம் போயிடுமெல்லே?"

"தெரியும். வெட்டினா, அவர் இல்லையெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரியெல்லே."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. தன் ஒருத்தியால் இத்தனை பேரும் தெருவுக்கு வரவேண்டுமா? பதிவேட்டைச் செவ்ரானில் இருக்கும் தன் வீட்டுக்கு மூன்று நாள் கொண்டுபோனாள். பேனையைத் திறந்தாள், மூடினாள், குசினிக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். மூன்று நாளும் வெட்டாமலே திருப்பிக் கொண்டுவந்தாள்.

கணக்கெடுக்க வந்தவர் மர்கரீத் என்ற கறாரான அம்மாள். கையில் எண்ணும் பொறி. வரிசை வரிசையாகத் தலைக்கொரு முறை அழுத்திக்கொண்டு வந்தார். தவரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பேனாடின் கதிரையருகே வந்ததும் மர்கரீத் சற்று நின்றார். "பார்தோன், முசியே," என்று கதிரையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, நீட்டியிருந்த கால்களை மிதிக்காமல் சுற்றிப் போனார். பொறி ஒருமுறை கிளிக்கென்றது. தொண்ணூற்றிரண்டு, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மெத்ரோ பிடிக்கப் போய்விட்டார்.

அற்புதமலர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். யாரும் எழுப்பவில்லை.

அடுத்த தை மாதம் பேனாடின் பெயருக்குச் சபையிலிருந்து கடிதம் வந்தது: வருடச் சந்தா ஐந்து யூரோ, இன்னும் கட்டவில்லை. அற்புதமலர் கட்டினாள். ரசீதைக் கொண்டுவந்து அவன் கதிரையில் வைத்தாள்.

"இந்த முறை நான் கட்டிப்போட்டன். அடுத்த வருசம் நீங்கள் பாருங்கோ."