எட்டாவது கோர்

கம்ப்யூட்டர் கடை தில்லைநகர் எட்டாவது கிராஸில் இருந்தது. பேராசிரியர் நல்லுசாமி ஸ்கூட்டரை ஏழாவது கிராஸிலேயே நிறுத்தச் சொன்னார். "கொஞ்சம் நடந்தா உடம்புக்கு நல்லதுடா" என்றார். மாடிப்படி ஏறக்கூட முனகுகிற அப்பாவுக்குத் திடீரென்று நடை மேல் ஏன் இவ்வளவு பிரியம் என்று சித்தார்த்தன் யோசிக்கவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பியதிலிருந்து அவர் அவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த கூட்டத்துக்கான பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். காவிரிப் பாலத்தில் காற்று பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியில் "பயந்தான் மூடநம்பிக்கையின் முதல் முதலீடு" என்ற வரி மட்டும் அவன் காதில் விழுந்தது. நல்ல வரி என்று நினைத்துக்கொண்டான்.

அப்பாவைப் பற்றி ஊரில் கதைகள் உண்டு. ராகு காலத்தில் பால் காய்ச்சி வீடு புகுந்தவர். கிரகணத்தன்று ராஜகோபுரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூட்டம் பார்க்கப் பார்க்க இட்லி தின்றவர். அறிவியல் சிந்தனை மன்றம் அவருக்குச் 'சிந்தனைச் சுடர்' பட்டம் கொடுத்தது. அந்த மன்றத்தின் தலைவரும் அவரேதான் என்பதால் பட்டத்தை யார் கையிலிருந்து வாங்குவது என்பதில் மட்டும் அன்று சிறு குழப்பம் வந்தது. மகனுக்கு இதெல்லாம் பெருமை. கல்லூரியில் ராசி பார்த்த நண்பர்களையெல்லாம் அப்பாவின் வரிகளைச் சொல்லியே மடக்கியவன் அவன்.

கடைக்காரர் ஆசீர், சித்தார்த்தனுக்கு அண்ணன் வயதுக்காரர். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் திருப்புளியும் கையுமாக நிமிர்ந்தார்.

"வாங்க சார். வாங்க தம்பி. என்ன வேலைக்கு சிஸ்டம்?"

பகலில் துவாக்குடி கம்பெனிக்கு இயந்திரப் படங்கள் வரைவதையும், சாயங்காலம் கேம் ஆடிக்கொண்டே அதை நேரலையில் விடுவதையும் சித்தார்த்தன் சொன்னான். "பழசுல பிராசசருக்கு நாலு கோர்தாண்ணே. கேம், ரெக்கார்டிங், கூட ஆடுறவங்களோட பேச்சு, எல்லாம் ஒண்ணா ஓடுனா படம் அப்படியே உறைஞ்சு நிக்குது."

"அப்ப எட்டு கோர் போட்டுக்குங்க. கச்சிதமா இருக்கும்."

நல்லுசாமி கனைத்தார். "ஆறு போதாதா? நம்ம வீட்ல இருக்கறது மூணே பேர்."

"சார், இது சப்பாத்தி இல்ல" என்றார் ஆசீர்.

"இல்லப்பா, வெப்பவியல்னு ஒண்ணு இருக்கு. எட்டும் ஒரே சமயத்துல இயங்கினா..." என்று தொடங்கி, கரும்பலகை இல்லாத குறை தெரியாமல் ஒரு வகுப்பே எடுத்தார். ஆசீர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காற்றாடி அதற்குத்தானே சார் இருக்கிறது என்றார். பேராசிரியர் சற்று யோசித்தார். பிறகு, வாழ்க்கையில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வாக்கியத்தைச் சொன்னார்.

"பரவால்ல. பன்னெண்டே வாங்கிடு. நான் தரேன்."

சித்தார்த்தன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். காய்கறிக்காரியிடம் கொசுறுக் கறிவேப்பிலைக்குத் தர்க்கம் பேசுகிறவர். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாகத் தன் விளையாட்டைத் திட்டியதெல்லாம் வெளிவேஷம், உள்ளுக்குள் பாசந்தான் என்று முடிவு கட்டினான்.

ஆசீர் சிரித்தார். "வீண் செலவு சார். சில பேர் எட்டுன்னாலே சனி, வேணாம்னு தள்ளிடுவாங்க. அவங்களுக்குத்தான் நான் பன்னெண்டை விப்பேன். நீங்க அப்படியா? போன வாரம் உங்க பேச்சை நேர்ல வந்து கேட்டேனே! நியூமராலஜியைக் கிழிச்சுத் தொங்கவிட்டீங்க."

கடையிலிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லுசாமி வழக்கத்தைவிடச் சத்தமாகச் சிரித்தார். "எட்டே போடுப்பா! எட்டாவது கிராஸ்ல எட்டு கோர். எவன் கேக்கறது?" நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சித்தார்த்தன் விசைப்பலகை பார்க்க மாடிக்குப் போனான். இறங்கி வந்தபோது அப்பா ஆசீரின் தோளில் கை போட்டபடி ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும், "தம்பிக்கு ரிசர்ச் மூளை" என்று ஆசீரைப் பாராட்டினார்.

வீட்டில் பெட்டியைப் பொருத்தி ஓடவிட்டான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தபோது, கோர் என்ற இடத்தில் ஏழு என்றிருந்தது. மறுபடி தொடங்கிப் பார்த்தான். ஏழு. ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆசீரைப் போனில் கூப்பிட்டான்.

"சார் சொல்லலையா தம்பி?" என்றார் ஆசீர். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணை மட்டும் செட்டிங்ஸ்ல அமத்தி வைக்கச் சொன்னாரு. எதைன்னு கேட்டேன். எட்டாவதைன்னாரு. கம்ப்யூட்டர் பூஜ்யத்துல இருந்துதான் எண்ணும், எட்டாவது கோர் பேரே ஏழுதான் சார்னேன். அது எனக்குத் தெரியும், நான் ஃபிசிக்ஸ் புரொஃபசர், நீ அமத்துன்னாரு."

சித்தார்த்தன் போனை வைத்தான். ஏழாவது கிராஸில் நிறுத்திய ஸ்கூட்டர் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு வாங்கத் துணிந்த அந்தப் பாசமும்.

அடுக்களையில் அம்மா ஜோதி அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு எட்டுன்னா பயமா?"

"ஏன், இப்பத்தான் தெரியுதா?" என்றாள் அவள், காயிலிருந்து கண்ணெடுக்காமல். "பழைய ஸ்கூட்டரை ஏன் வித்தாரு? நம்பரைக் கூட்டிப் பாரு. அதை விடு, நீ பொறந்ததே இருபத்தாறாம் தேதி. ரெண்டும் ஆறும் எட்டுன்னு ஆஸ்பத்திரியில கால்ல விழாத குறையா கெஞ்சி, இருபத்தேழுன்னு பதிய வச்சாரு."

இத்தனை வருடம் வெட்டிய கேக்கெல்லாம் தப்பான நாளில்.

"அப்ப மகாலட்சுமி வீட்ல..."

அம்மாவின் கை நின்றது.

அவனுக்குப் பெண் கொடுக்க, ஜீயபுரத்திலிருந்து மகாலட்சுமியின் அப்பா ஒரு வாழைத்தாரோடு வந்திருந்தார். பிறந்த தேதியும் நேரமும் மட்டும் கொடுங்கள், வீட்டுப் பெரியவர்கள் மனசுக்காக என்று பணிவாகத்தான் கேட்டார். நல்லுசாமி எழுந்து நின்று முழங்கினார். என் மகனுக்கு ஜாதகமே கிடையாது! அவர்கள் காப்பியைக் குடித்து முடிக்காமல் போனார்கள். அந்த முழக்கத்தைச் சித்தார்த்தனே படம் பிடித்து இணையத்தில் போட்டான். ஆயிரக்கணக்கானோர் விரும்பினார்கள். மகாலட்சுமி மட்டும் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. தை மாதம் அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆனது. கொள்கைக்குக் கொடுத்த விலை என்று சொல்லிச் சொல்லித்தான் அவன் அந்த மாதத்தைக் கடந்தான்.

"இருபத்தாறுன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம்" என்றாள் அம்மா மெதுவாக. "இருபத்தேழுன்னா பொய் ஜாதகம், பின்னாடி உனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயம். ரெண்டையும் சொல்ல முடியல. அதான் கத்திட்டாரு. அவங்க போனப்புறம் உள்ள வந்து அழுதாரு. உங்கிட்ட சொல்லாதன்னாரு."

"நீயும் சொல்லல."

அம்மா அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

கூடத்தில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "இருபத்தாறா? அன்னிக்கு வேணாமே, ஒரு சின்ன வேலை. இருபத்தேழு வச்சுக்குங்க. தலைப்பா? 'எண்களுக்கு ஏது சக்தி?'ன்னு போடுங்க."

சித்தார்த்தன் அறைக்குப் போய்க் கணினியை மறுபடி தொடங்கினான். செட்டிங்ஸ் திறந்தது. ஒன்றன் கீழ் ஒன்றாக, கோருக்கு ஒன்றாய் எட்டு வரிகள். அணைத்து வைத்த கடைசி வரி மட்டும் மங்கிக் கிடந்தது. அதன் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தான்.

வாசலில் நிழல் தட்டியது. போனைக் கையில் வைத்தபடி அப்பா நின்றார். திரையைப் பார்த்தார்.

"எனக்கு என்னிக்குப்பா பொறந்த நாள்?" என்றான் சித்தார்த்தன், திரும்பாமல்.

கறுப்புத் திரையின் பளபளப்பில் அப்பாவின் முகம் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. பதில் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தான். மேலிருந்து ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டு வந்தார் அவர். ஏழில் வந்து உதடு நின்றது. சித்தார்த்தனின் விரல் என்டர் கட்டையின் மேல் இருந்தது. பெட்டிக்குள் காற்றாடி சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது.