குத்துவிளக்கின் பின்பக்கம்

நல்லம்மாளின் குத்துவிளக்கு பச்சை பிடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்த்தால் அடுத்த வெள்ளிக்குள் பாசி படர்ந்ததுபோல் ஆகிவிடும். அதுவும் சுவரைப் பார்த்த பின்பக்கம் மட்டும். புளியை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள். கிள்ளான் துறைமுகக் கடற்காற்றாக இருக்கும் என்றான் கணவன் கன்னையா. அதே காற்றுதான் பக்கத்து வீட்டு லெட்சுமியின் விளக்கிலும் பட்டது; அது பளபளவென்று இருந்தது.

அந்தப் பலகைச் சுவருக்குப் பின்னால் கன்னையா வாடகைக்கு விட்ட ஸ்டோர். செலாயாங் ஊரிலிருந்து வந்த விஜயன் அதில் நீலப் பீப்பாய்களை அடுக்கியிருந்தான்.

"ரப்பர் ஆசிட்ணே," என்றான்.

கன்னையா மூடியருகே மோந்து பார்த்துத் தலையாட்டினான். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அந்தப் புளித்த நெடி புதிதல்ல. ரப்பர்ப் பால் தானாக உறைவதற்குள் கெட்டுப்போகும். தண்ணீர் கலந்த ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினால் தயிர்போல் கட்டிக்கொள்ளும், பிறகு உருளையில் கொடுத்து ஷீட்டாக இழுக்கலாம். புருஷன் பெண்டாட்டி இருவரும் அந்த வாசனையில் வளர்ந்தவர்கள். வீட்டுக்குள் அது வீசியபோதும் ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

போலீஸ் வந்து திறந்தபோதுதான், அது அதே புளித்த நெடியுள்ள வேறொன்று, ஹெராயின் தயாரிக்க வாங்கிய ரசாயனம் என்று தெரிந்தது. விஜயனைக் காணோம். ஸ்டோர்ச் சாவி கன்னையாவின் இடுப்பில் இருந்தது. பீப்பாய்கள் போலீஸ் லோரியில் போயின; கன்னையா கோலாலம்பூர் புடு சிறைக்குப் போனான். ஜாமீன் கிடைக்கவில்லை.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வக்கீல் வீரசிங்கத்தின் முன்னால் நல்லம்மாள் பரபரப்போடு உட்கார்ந்தாள்.

"சார், ஒன்னு கண்டுபிடிச்சேன். சாமான அள்ளிட்டுப் போனதுலேருந்து விளக்கு பச்சையே பிடிக்கல. அதுலேருந்து வந்த ஆவிதான் சார். கெட்ட சாமான்னு தெரிஞ்சிருந்தா எங்க வீட்டுக்காரரு சாமி விளக்குக்குப் பின்னாலயா வைக்க விடுவாரு?"

"இத வெளிய சொல்லாதீங்கம்மா. பித்தளைக்கே தெரிஞ்சிருக்கு, உங்க மூக்குக்குத் தெரியலையான்னு அரசாங்க வக்கீல் கேப்பாரு."

"தெரிஞ்சுச்சு சார். ரப்பர் ஆசிட்னுதான் தெரிஞ்சுச்சு."

"கிள்ளான் டவுனுக்கு நடுவுல யாரும்மா ரப்பர் மரத்துல பால் வெட்டறாங்க?"

வீரசிங்கம் கோப்பைப் புரட்டினார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சோ, சரக்கும் அவரோடதுன்னு சட்டம் எடுத்துக்கும். இல்லன்னு நாமதான் காட்டணும். விஜயன் எங்க இருக்கான்?"

"செலாயாங்னு சொன்னான் சார். வேற ஒன்னும் தெரியாது."

"செலாயாங்ல எத்தன விஜயன் இருப்பான்லா," என்றார் வீரசிங்கம், மெதுவாக.

வீடு திரும்பி அவள் விளக்கேற்றினாள். கன்னையாவின் சட்டை ஆணியில் தொங்கியது. விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் மஞ்சளாக மின்னியது. பீப்பாய் மூடிகள் சரியாக இறுகியிருக்கவில்லை. புளித்த ஆவி பலகை இடுக்கு வழியாக வந்து, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையில் படிந்து அதைப் பச்சையாக்கியிருந்தது. இப்போது பீப்பாய்கள் இல்லை. அதனால் பச்சையும் இல்லை.