பெரியவளுக்கு மட்டும் தண்ணீர்

ஞானஸ்நானத் தொட்டியின் சூட்சுமம் அதன் தரையில் இருக்கிறது. பார்த்தால் சமமாகத் தெரியும். உண்மையில் ஒரு மூலையை நோக்கி இரண்டு விரல்கடை சரிய வேண்டும். அப்போதுதான் கடைசிச் சொட்டும் குழாய்க்குள் இறங்கும். ஈரம் தங்கினால் பாசி பிடிக்கும், அடுத்த முறை இறங்குகிறவர் வழுக்கி விழுவார். இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். இந்தத் தொட்டியை என் தம்பியின் புதுச் சபைக்காக, அவர்கள் வாடகைக்கு எடுத்த பழைய கிடங்கில் கட்டினேன்.

"என்ன அண்ணே, கப்பல் விடப் போறோமா?" என்று எட்டிப் பார்த்தான் தம்பி.

"உன் தொப்பைக்கும் சேத்து அளந்தேன்டா."

அவன் பழைய சபையிலிருந்து பிரிந்ததற்குப் பதவி ஆசைதான் காரணம் என்று ஊரில் பேசுகிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கும் என் மனைவிக்கும் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தார்கள், ஏழாம் மாதத்திலேயே. பிழைக்கமாட்டார்கள் என்று நர்ஸ் சொன்னதும், கைகழுவும் குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, பெரியவள் நெற்றியில் ஊற்றி நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். ஆபத்தில் யாரும் கொடுக்கலாம் என்பது எங்கள் சபையின் சட்டம். மறுபடி தண்ணீர் பிடித்துத் திரும்புவதற்குள் சின்னவள் போய்விட்டாள். பெரியவளும் அன்று சாயங்காலம் போனாள்.

ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டுமே சேர்க்கும் சபைப் பதிவேட்டில் பெரியவள் பெயர்தான் ஏறியது. வருடா வருடம் இறந்தோரை நினைக்கும் ஆராதனையில் ஆயர் வாசித்ததும் அந்த ஒரு பெயரைத்தான். மூன்றாம் வருடம் வாசிக்கும் முறை, அங்கே உபதேசியாராக இருந்த தம்பிக்கு வந்தது. அவன் இரண்டு பெயரையும் வாசித்தான். விசாரணை வைத்தார்கள், மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். பதின்மூன்று குடும்பங்கள் அவனோடு எழுந்து வந்தன. முதலில் எழுந்தவள் என் மனைவி.

அதுவரை நானும் அவன் பக்கம்தான். பிறகு வேதத்தைப் புரட்டிப் புரட்டி அவன் இன்னும் ஓர் அடி வைத்தான்: குழந்தைகளுக்குத் தண்ணீரே தேவையில்லை, விவரம் தெரிந்து கேட்கிறவர்களுக்குத்தான் ஞானஸ்நானம்.

தொட்டியில் முதலில் இறங்கப் போகிறவளும் என் மனைவிதான். அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள் மதியம், அவளும் அங்கே இருக்கையில், வால்வை இறுக்கிக்கொண்டே தம்பியைக் கேட்டேன்.

"அப்போ பெரியவளுக்கு நான் ஊத்தினது?"

"அது உங்க அன்பு, அண்ணே."

"அன்பைக் கேக்கலடா. ஞானஸ்நானமா, இல்லையா?"

பதில் சொன்னவள் என் மனைவி.

"வெறும் தண்ணிங்க. வெறும் தண்ணியா இருந்தாத்தான் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருப்பாங்க."

"நான் அவளுக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதானே."

"தெரியும்ங்க. சின்னவளுக்கு அதுகூட இல்லையே."

வால்வை இன்னொரு சுற்று இறுக்கினேன்.

ஞாயிறு காலை தொட்டியை நிரப்பி, அவளுக்குக் குளிரக் கூடாதென்று ஹீட்டர் போட்டு, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தேன். பிறகு பழைய சபைக்குப் போய், முன்பு நானும் அவளும் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்து கிடங்குக்குத் திரும்பியபோது எல்லாரும் போயிருந்தார்கள். ஈரத் தலையோடு அவள் மட்டும் நின்றிருந்தாள். வால்வைத் திறந்தேன். தண்ணீர் மூலையில் சுழித்து இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சரிவு சரியாக இருந்தது. ஒரு சொட்டும் மிஞ்சவில்லை.