தலையாட்டிப் பொம்மை நாள்

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணி வரைதான் கெடு. அதற்குள் ஓர் அணி இன்னோர் அணியோடு ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். நான்கு அடித்து ஒரு நிமிடம் ஆகிவிட்டால் யாரையும் யார் தலையிலும் கட்ட முடியாது. ஜெயிக்கிற அணிக்கு அது சந்தை நாள். நாற்பத்தொரு ஆட்டம் ஜெயித்து அறுபத்தாறு தோற்றிருந்த எங்கள் லூயிவில் பேஸ்பால் அணிக்கு அது வீட்டை ஒழிக்கிற நாள். பழைய சாமானில் எது விலை போகும் என்று பார்த்து வாசலில் எடுத்து வைப்பார்கள். பழைய சாமான் என்றால் நாங்கள்தான். எனக்கு முப்பத்தைந்து வயது, லயலுக்கு முப்பத்தாறு.

லயல் மெக்கேப் எங்கள் பிட்சர். நான் கஸ் டிராட்மன், அவன் வீசுவதைப் பிடிக்கிற கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே ஒளித்து விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைகிற பந்து, இப்படி நான்கு வரை. சம்மதம் என்றால் அவன் தலை மேலும் கீழும் ஆடும். இல்லையென்றால் இடமும் வலமும் ஆடும். நான்கு வருஷத்தில் லயல் எனக்கு இல்லை என்று தலையாட்டியதை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். "கட்டின பொண்டாட்டி பேச்சைக்கூட நான் இவ்வளவு கேட்டதில்லடா" என்பான். அவன் மனைவி கொரின் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வான்.

செவ்வாய்க்கிழமை மதியம், பயிற்சிக்கு முன்னால், ஜெனரல் மேனேஜர் ஷெல்பி என்னை மாடிக்குக் கூப்பிட்டான். முப்பத்திரண்டு வயது. பந்தைக் கையால் தொட்டவன் இல்லை, ஆனால் எந்தப் பந்து எத்தனை தடவை சுழலும் என்று மடிக்கணினியைப் பார்த்துச் சொல்வான். அவன் ஜன்னலுக்கு வெளியே ஒஹாயோ ஆற்றில் நிலக்கரிப் படகுகள் போய்க்கொண்டிருந்தன.

"உக்காருங்க கஸ். முட்டி எப்படி இருக்கு?"

"இருக்கு. அதுவே பெரிசு."

"நேரா விஷயத்துக்கு வர்றேன். மேற்கே ஒரு டீம், அக்டோபர்ல கோப்பைக்கு ஆடப்போற டீம். அனுபவசாலி ஒருத்தர் வேணும்ங்கறாங்க. பிட்சரா இருந்தாலும் சரி, கேட்சரா இருந்தாலும் சரி. ஒருத்தர்தான். பதிலுக்கு ரெண்டு புது ஆளைத் தர்றாங்க."

"நானா, லயலா?"

"லயல் கையில இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அவங்க நம்பிடுவாங்க."

யோக்கியமான மனிதனாக இருந்தால் எழுந்து வந்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்தே இருந்தேன். என்னை ஏற்கெனவே மூன்று தடவை விற்றிருக்கிறார்கள். ஒரு தடவை பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோது, அந்தப் பெண்மணி ரேடியோவைக் கேட்டுவிட்டு "அடடா, நீங்க ஊரை விட்டுப் போறீங்களாமே" என்றாள். வாயில் பஞ்சோடு நான்காவது தடவையும் போக எனக்குத் தெம்பில்லை. பயந்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை, அன்று இருந்தது.

லயலுக்குப் போக இஷ்டமில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு வாரம் முன்புதான், ஆட்டக்காரர்கள் உட்காருகிற டக்அவுட்டில் ஒரே பொட்டலத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தபோது சொன்னான். இங்கே வருவதற்கு முன் ஆறு வருஷத்தில் நான்கு ஊர். "பியாவுக்கு இங்கதான்டா முதல் தடவையா ஒரே சிநேகிதி நாலு பிறந்தநாளுக்கும் வந்திருக்கா." பியா அவன் மகள், பதினோரு வயது. "கோப்பை ஜெயிச்சவனுக்கு மோதிரம் குடுப்பாங்களே, அது வேண்டாமா?" என்று கேட்டேன். "மோதிரம் போட்டா பந்து வழுக்கும்" என்றான்.

இவ்வளவும் தெரிந்துதான் ஷெல்பியிடம் சொன்னேன். "லயலை அனுப்புங்க. கை நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கணும்." படி இறங்கும்போது அந்த மோதிரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். கீழே வந்து சேர்வதற்குள் நான் அவனுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் புதன், கெடு நாள். ஆட்டம் மதியம் ஒன்று பத்துக்கு, வீசப்போவது லயல். பன்னிரண்டே முக்காலுக்கு மைதானத்து ஓரத்தில் அவன் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தான், நான் பிடித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கையுறையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். ஸ்கிப் வந்தார். எங்கள் தலைமைப் பயிற்சியாளரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கையில் போன் இருந்தது.

"போதும் லயல். ஜாக்கெட்டைப் போட்டுக்கோ. இன்னிக்கு நீ வீசல."

வேறு எந்த நாளிலும் இதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். ஜூலை முப்பத்தொன்றில் ஒரே அர்த்தம்தான், ஆளை விற்கப்போகிறார்கள். டக்அவுட்டில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து வரிசையாக அவனைக் கட்டிப்பிடித்தார்கள். போகிறவனிடம் உண்மை பேசுவது எங்களுக்குள் ஒரு வழக்கம், இனிமேல் அவன் முகத்தில் விழிக்க வேண்டாமே என்கிற தைரியம்தான். தவாரெஸ் என்கிற எங்கள் வாயாடி, "போன வருஷம் உன் ஷூவுக்குள்ள ஷேவிங் கிரீம் அடிச்சது நான்தான்" என்றான்.

"தெரியும்டா. மறுநாள் உன் காபியில பேதி மாத்திரையைக் கரைச்சு ஊத்தினது நான்தான்."

சிரித்தார்கள். என் முறை வந்தது. வாயை மூடிக்கொண்டு கட்டிப்பிடித்திருக்கலாம். மனசில் கிடந்து அரித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு. காதில் சொன்னேன்.

"ஷெல்பி கேட்டான் லயல். நான்தான் உன் பேரைச் சொன்னேன். உனக்கு ஒரு மோதிரம் கிடைக்கட்டும்னுதான்."

என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அவன் கை நின்றுவிட்டது.

"உன்னையா கேட்டான்?"

"ஆமா."

ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமுக்குப் போகிற நடைபாதையில் இறங்கிவிட்டான்.

அன்று அவனுக்குப் பதிலாக வீசியவன் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை. என் இரண்டு கால் நடுவே ஒரு பந்து நழுவி ஓடியது, எதிரணிக்காரன் ஒருவன் ஓடாமல் நடந்தே அடுத்த பேஸுக்குப் போனான். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் நடைபாதையில் ஓடினேன். அங்கே சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டிகள். அடுத்த நாள் வியாழக்கிழமை ரசிகர்களுக்கு லயல் உருவத்தில் தலையாட்டிப் பொம்மை கொடுப்பதாக மார்ச் மாதமே விளம்பரம் செய்திருந்தார்கள். பத்தாயிரம் பொம்மை. விளம்பரப் பிரிவுப் பெண் ஒருத்தி அவற்றின் முன் நின்று தலையில் கை வைத்திருந்தாள்.

"இத்தனையையும் நான் என்ன பண்றது மிஸ்டர் மெக்கேப்?"

கதவு திறந்திருந்த டிரெஸ்ஸிங் ரூமில் லயல் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தான். "தலையைத் திருகி எடுத்துட்டு கஸ் தலையை மாட்டிடும்மா. யார் எதைக் கேட்டாலும் ஆட்டும்."

அவள் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். அடுத்த தடவை போனபோது கொரினிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "பியாகிட்ட நீ சொல்லாத. ஸ்கூல் சாமானை இப்பவே கட்டாத. நான் வந்து சொல்றேன்." அதற்கு அடுத்த தடவை போக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் நான்கு மணி அடித்தது. மட்டையைச் சும்மா மூன்று தடவை வீசிவிட்டு அவுட்டாகி நேரே உள்ளே ஓடினேன். டிவியில் மேற்கத்திய அணியின் பெயர் ஓடியது. அவர்கள் ஒரு பிட்சரை வாங்கியிருந்தார்கள். இருபத்தேழு வயது, வேறு ஊர்க்காரன். மூன்று ஐம்பத்தைந்துக்கு மனம் மாறிவிட்டார்களாம். லயல் கட்டி முடித்த பையின் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துணிமணி பார்த்துக்கொள்கிற ஹாய்ட் அவன் தோளைத் தட்டினான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. பையை அவிழு."

ஆட்டம் வழக்கம்போலத் தோற்று முடிந்தது. எல்லோரும் உள்ளே வந்தார்கள். கட்டிப்பிடித்து விடை கொடுத்தவர்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஷேவிங் கிரீம் சமாச்சாரத்தை நான் சொல்லவே இல்ல, சரியா?" என்றான் தவாரெஸ். அறையே சிரித்தது. லயலும் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் என்னைப் பார்த்தான், அவன் சிரிப்பு நின்றது.

எல்லோரும் குளிக்கப் போன பிறகு அவன் எதிரில் போய் நின்றேன்.

"என்னையும் கேட்டான்டா" என்றான்.

"யாரு?"

"ஷெல்பி. செவ்வாய்க்கிழமை காலையில. உன்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடி. கஸ்ஸை அனுப்பட்டுமா, உன்னை அனுப்பட்டுமான்னான். அதை முடிவு பண்ணத்தான் உனக்குச் சம்பளம், எனக்கில்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ரெண்டு நாள் தூங்கமாட்ட. உன்னைத் தெரியாதா எனக்கு."

மடித்து வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் மாட்ட ஆரம்பித்தான். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நின்றிருந்தேன். அதைச் சொல்லாமல், கீழே விழுந்த சட்டை ஒன்றை எடுத்து நீட்டினேன். திரும்பிப் பார்க்காமலே வாங்கி மாட்டினான்.

மறுநாள் வியாழன். நேற்று வீசாதவன் இன்று வீச வேண்டியதுதானே. அதுவும் அவன் பொம்மை நாளில். ஐந்தரைக்கே வாசலில் கூட்டம். பொம்மைக்கு லயலின் கோணல் மூக்கைக்கூட சரியாகவே வைத்திருந்தார்கள். அரங்கு முழுக்க ஆளுக்கொன்றை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் குட்டி லயல்கள் ஆமாம், ஆமாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தன.

நான் குந்தினேன். ஒரு விரல் காட்டினேன். லயல் இடமும் வலமும் ஆட்டினான். இரண்டு. இல்லை. மூன்று. இல்லை. நான்கு. அதற்கும் இல்லை. அவன் கையில் வேறு பந்தே கிடையாது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன், மறுபடியும் இல்லை. நடுவர் என் தலைக்கு மேல் குனிந்து, "ஆட்டம் இன்னிக்கேதானே கஸ்?" என்றார்.

எழுந்து, அவன் நின்று வீசுகிற மேட்டுக்குப் போனேன். இருவரும் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டோம்.

"உனக்கு எது வேணும்னு சொல்லு. அதையே காட்டறேன்."

"எதையும் காட்டாத."

"காட்டாம எப்படிடா பிடிக்கிறது?"

"பிடி. அது உன் வேலை. எனக்காக நீ சொன்னதெல்லாம் போதும்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். தொடைகளுக்கு நடுவே முஷ்டியை மூடி வைத்துக்கொண்டேன். எந்தப் பந்து வரும் என்று மட்டைக்காரனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து திரும்பி என் மணிக்கட்டில் அடித்தது. ஐந்தாவதில் கட்டை விரல் வீங்கியது. ஏழு இன்னிங்ஸ் வீசினான், ஒரே ஒரு ரன் கொடுத்தான். அந்த வருஷத்தில் அவன் வீசியதிலேயே நல்ல ஆட்டம் அது. கை நல்லாத்தான் இருக்கு என்று ஷெல்பியிடம் நான் சொன்னது பொய்யில்லை.

டக்அவுட்டுக்கு வந்ததும் பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து தனியாக ஒரு விதைப் பொட்டலத்தைப் பிரித்தான்.

அடுத்த ஆட்டத்திலிருந்து லயலுக்கு வேறு கேட்சர். அவனே ஸ்கிப்பிடம் கேட்டு வாங்கிக்கொண்டானாம். சீசன் முடிந்ததும் ஷெல்பி என்னை மட்டும் வீட்டுக்கு அனுப்பினான். பதிலுக்கு யாரையும் வாங்கவில்லை, என் மேல் யாரும் விலை வைக்கவில்லை. லயல் அந்த ஊரில் இன்னும் இரண்டு வருஷம் ஆடினான். பியா அங்கே கொண்டாடிய ஐந்தாவது பிறந்தநாளுக்கும் ஆறாவது பிறந்தநாளுக்கும் அதே சிநேகிதிதான் வந்திருப்பாள். எனக்கு அழைப்பு வரவில்லை.

அந்தப் பொம்மை ஒன்று எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. என் மனைவி மார்லீன் போகிற போக்கில் அதன் தலையைத் தட்டிவிட்டு, "பாரு, உன்னை மன்னிச்சுட்டானாம்" என்பாள். அவள் அடுத்த அறைக்குப் போனதும் நான் எழுந்து போய் அதன் தலையைப் பிடித்து நிறுத்துகிறேன்.