வாய்க்காலில் நனைந்த வெள்ளைச் சட்டை

வண்டன்மேட்டில் புறப்படும்போது குளிரில் பற்கள் தந்தியடித்தன. ஜிதின் ஸ்வெட்டருக்கு மேல் கறுப்பு ஜாக்கெட்டும் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தான். அவன் அம்மா இன்பமேரி வாசல்வரை வந்து மகன் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

"எய்யா, எங்கயும் நனைஞ்சுராத. ஈரத்தோட காத்துல போனா நெஞ்சுல சளி கட்டிரும். பிரியா, நீ பாத்துக்கோம்மா."

"எங்க ஊர்ல நனையறதுக்கு மழை எங்கீங்க அத்தை இருக்குது?" என்று சிரித்தபடி யோகப்பிரியா பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அவள் மடியில் இருந்த பையில், இரண்டு அட்டைகளுக்கு நடுவே, ஒரு வெள்ளை முழுக்கைச் சட்டை பத்திரமாக இருந்தது. ஜிதினே இஸ்திரி போட்டு மடித்தது. மாமனார் வீட்டுக்கு ஒரு கல் முன்னால் வண்டியை நிறுத்தி, அதை மாற்றிக்கொண்டு, பார்க்க லட்சணமாகப் போய் இறங்க வேண்டும் என்பது அவன் ஏற்பாடு.

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியும் அவன் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஏலக்காய் எஸ்டேட்டில் வளர்ந்த கிறிஸ்தவப் பையனை மகள் கட்டிக்கொண்டதை அப்பா மோகனசுந்தரம் எதிர்க்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கோபாலபுரம் தாண்டியிருந்த தன் தென்னந்தோப்பு வீட்டில் பேசாமல் இருந்துவிட்டார். மருமகனைப் பற்றிப் பேச்செடுத்தால் 'அந்தப் பையன்' என்பார், அவ்வளவுதான். போன வாரம் அம்மா கோமதி போனில் கூப்பிட்டு, "அந்தப் பையனையும் நோம்பிக்கு வரச் சொல்லுன்னு உங்கப்பா சொல்றாருடி" என்றபோது யோகப்பிரியா போனை வைக்க மறந்து நின்றாள்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் பங்காளிகள் எல்லாரும் கூடுவார்கள். வீட்டு மாப்பிள்ளைக்கு முதல் இலை போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு. இந்த வருடம் அந்த முதல் இலை யாருக்கு? பந்திக்குப் பிந்திப் போய் நின்றால், அதுவே அப்பாவுக்கு ஒரு சாக்காகிவிடாதா? மூணாறு தாண்டி மறையூர் வரும்வரை அவள் மனதில் இதுவேதான் ஓடியது.

சின்னாறு செக்போஸ்ட்டில் வெயில் முகத்தில் அறைந்தது. ஜிதின் ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் கழற்றிப் பின்னால் கட்டிவிட்டு, அரைக்கை பனியனோடு வண்டியை எடுத்தான்.

"ஆஹா, காத்து என்னமா வருது!"

வந்தது காற்றில்லை, அனல். அவளுக்கு அது பழக்கம். சித்திரை, வைகாசியில் அவள் ஊர்க்காரர்கள் வண்டியெடுத்தால் முழுக்கைச் சட்டை இல்லாமல் போக மாட்டார்கள். துண்டை நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள்.

"ஏனுங்க, கையை மூடிக்கங்க. துண்டை நனைச்சுத் தாரேன், கழுத்துல சுத்திக்கங்க."

"ஈரத்தோடயா? அம்மா சொன்னது காதுல விழல?"

"அது உங்க ஊர்க் காத்துக்குங்க."

"காத்துல என்ன உங்க ஊரு, எங்க ஊரு?"

தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தால் வழியில் நிறுத்த வேண்டிவரும், நேரமாகிவிடும் என்று தள்ளினான். இன்னும் வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் கண் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த சூரியனைப் பார்த்தது, மனம் முதல் இலையை நினைத்தது. பாட்டிலை மூடினாள்.

உடுமலைப்பேட்டை தாண்டியதும்தான் அவளுக்கு உறைத்தது. வழியெல்லாம் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தவன் வாயே திறக்கவில்லை. வண்டி மெல்ல சாலை ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டு மறுபடி ஏறியது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அலறவிட்டது. அவன் கையைத் தொட்டாள். அடுப்பில் வைத்த தோசைக்கல் போலக் கொதித்தது. பனியன் முதுகில் உப்புப் பூத்திருந்தது.

"நிறுத்துங்க."

"இன்னுங் கொஞ்ச தூரந்தான பிரியா..."

"நிறுத்துங்கங்கறேன்!"

அவள் அவனிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல்முறை. வாய்க்கால் மேட்டில் ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவன் முகம் வெளிறிக் கிடந்தது. இறங்கும்போது கால் மடங்கியது. அவள் தாங்கிப் பிடித்து வேர்மேல் உட்கார வைத்தாள்.

"தலை சுத்துது புள்ள. கெண்டக்கால் இழுத்துப் புடிக்கி."

நல்லவேளை, அந்த வாரம் வாய்க்காலில் பாசனத்துக்கு முறைத்தண்ணீர் விட்டிருந்தார்கள். துப்பட்டாவை முக்கியெடுத்து அவன் தலையிலும் கழுத்திலும் போட்டாள். பாட்டிலில் மொண்டு மொண்டு கைகளில் ஊற்றினாள். அது போதவில்லை. பையைத் திறந்து அட்டைகளை எறிந்துவிட்டு வெள்ளைச் சட்டையை உருவினாள்.

"ஏ, அது வேண்டாம்! உங்கப்பா முன்னால போட..."

"சட்டை அவரு பாக்கறதுக்கு. நீங்க எனக்கு."

இஸ்திரி மடிப்போடு சட்டை வாய்க்காலுக்குள் போனது. சொட்டச் சொட்ட எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டு, கையின் பொத்தான்களைக் கூடப் போட்டுவிட்டாள். தோப்புப் பக்கமிருந்து காற்று வந்து ஈரச்சட்டையில் பட்டது. அவன் உடம்பு சிலிர்த்தது.

சாலைக்கு எதிரே இருந்த கடையில் உப்பு தூக்கலாகப் போட்டு மோர் வாங்கிவந்தாள். மடக்கு மடக்காகக் குடித்தான். இன்னொன்று குடித்தான். அப்புறம் மெல்ல நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

"ஏ பிரியா, குளுருது! வண்டன்மேடு மாதியே இருக்கு."

"நெஞ்சுல சளி கட்டுதுங்களா?"

"அம்மாட்ட மட்டும் சொல்லிராத தாயி."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இனி எந்தப் பந்தியும் வேண்டாம், இவன் இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றிருந்தது. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். எடுத்தது அப்பா.

"எங்க வந்துட்டிருக்கறீங்க?"

"உடுமலை தாண்டி வாய்க்கா மேட்டுல நிக்கறோமுங்ப்பா. அவருக்கு வெயில் ஒத்துக்கலீங்க. நாங்க வர நேரமாயிருமுங்க... நீங்கெல்லாம் சாப்பிட்ருங்ப்பா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"மாப்ளை தண்ணி குடிச்சாரா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "குடிச்சாருங்ப்பா. மோரும் குடிச்சாருங்."

"நானு கார் எடுத்துட்டு வரட்டுமா அம்மிணி?"

"வேண்டாமுங்ப்பா. இப்பத் தெளிஞ்சுட்டாருங்."

"அப்ப வெயில் தாழாம வண்டிய எடுக்காதீங்க. ஒண்ணும் அவசரமில்ல."

பின்னால் சித்தப்பாவின் குரல் எழுந்தது. "ஏனண்ணா, அதுவரைக்கும் எங்களப் பட்டினி போடறயா?"

"மாப்ளை வராம இந்த ஊட்ல எவனுக்கும் இலை கெடையாது. பசிச்சா ரெண்டு பழத்தத் தின்னுட்டு உக்காரு."

போன் வைக்கப்பட்டது. ஜிதின் பயந்த முகத்தோடு கேட்டான்: "திட்டுனாரா?"

"உங்களுக்கோசரம் எங்க சித்தப்பா பட்டினி கெடக்கறாருங்க."

வெயில் தாழ்ந்த பிறகு மெதுவாகக் கிளம்பினார்கள். பொள்ளாச்சியில் இளநீர் குடித்தார்கள். குழாயைக் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்தி, அவனே இறங்கிப்போய்ச் சட்டையை நனைத்துக்கொண்டு வந்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்ற போலீஸ்காரர், மேகமே இல்லாத வானத்தையும் சொட்டும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசலில் மோகனசுந்தரம் நின்றிருந்தார். கசங்கி, செம்மண் கறை படிந்து, மார்போடு ஒட்டிக் கிடந்த சட்டையை மேலிருந்து கீழே பார்த்தார். ஜிதின் கூச்சத்தோடு காலரை இழுத்துவிட்டான்.

"சட்டை கொஞ்சம் நனைஞ்சிருச்சு மாமா."

"நனையோணும். வறட்டுத் துணியோட வந்திருந்தீங்கன்னாத்தான் கோவிச்சிருப்பேன். உள்ள வாங்க மாப்ளை."

உள்ளே "வந்தாச்சு, வந்தாச்சு, இலையப் போடுங்க!" என்று சித்தப்பா கூவினார். முதல் இலையின் முன் ஈரச்சட்டையோடு ஜிதின் உட்கார, கோமதி வேட்டியும் துண்டுமாக ஓடிவந்தார்.

யோகப்பிரியா பையை எடுக்க வாசலுக்கு வந்தபோது, சாய்ந்த வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்த இடத்தில் வண்டி இல்லை. மாமரத்து நிழலுக்குத் தள்ளி நிறுத்தப்பட்டிருந்தது. சீட்டின் மேல் ஒரு சாக்கு விரித்துக் கிடக்க, அப்பா ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சீட்டு கொதிக்குது அம்மிணி," என்றார், அவளைப் பார்க்காமலே.